கடலில் பிரித்த பங்கு

நவம்பரில் யோன்சுக்கின் வலது மணிக்கட்டில் பிடித்த வலி, மார்ச் பிறக்கும்போது தோள்வரை ஏறியிருந்தது. காலையில் விரல் மடங்காது. வெந்நீரில் கையை முக்கி ஒவ்வொரு விரலாக உருவிவிட்டால்தான் கத்தி பிடிக்க வரும். சிப்பி உடைக்கிற கொட்டகையில் அந்த வலி இல்லாத பெண் கிடையாது. யாரும் அதைப் பேசுவதில்லை. பேசினால் கை நிற்கும், கை நின்றால் உடைத்தெடுத்த சதையின் எடை குறையும், எடைக்குத்தான் கூலி.

வலியைவிடப் பெரிய கவலை ஒன்று கடலில் தொங்கிக்கொண்டிருந்தது. குடாவின் வெளிக்கோடியில், வெள்ளை மிதவைகளுக்குக் கீழே, கயிறுகளில் கட்டித் தொங்கவிட்ட இருபது வரிசைச் சிப்பி. அவள் மகள் போராவுக்கும் மகன் தோவுனுக்கும் சோறு, துணி, பள்ளிச் செலவு எல்லாம் அந்தக் கயிறுகளில்தான் வளர்ந்துகொண்டிருந்தது.

போன வருஷக் கடைசியில் தல்சுவை விவாகரத்து செய்தபோதுதான் பிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. பதினாலு வருஷம் அந்த வீட்டில் மாடாக உழைத்தவள். வீடு மாமனார் பேரில். சிப்பி வளர்க்கிற கடல் உரிமமும் மாமனார் பேரில். தல்சு பேரில் இருந்தது ஓட்டை லாரி ஒன்று, கடன், அப்புறம் தண்ணீருக்குள் வளர்கிற சிப்பி.

"மாசாமாசம் பணம்னு எழுதினா நான் எங்கேருந்து தர்றது? சிப்பியாவே எடுத்துக்க. ரெண்டு பசங்களுக்கும் சேர்த்து மொத்தமா" என்றான் தல்சு.

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. புருஷன் மாசாமாசம் அனுப்புவான் என்று நம்பின பெண்கள் கொட்டகையில் நாலு பேர் இருந்தார்கள். இரண்டு மாசம் வரும், மூன்றாம் மாசம் போன் நம்பர் மாறியிருக்கும். சிப்பி அப்படி ஓடாது. வெளிக்கோடியில் நீரோட்டம் நன்றாக இருக்கும், சதை கொழுக்கும் என்று பார்த்து அந்த இருபது வரிசையைக் கேட்டாள். அவன் மறு பேச்சில்லாமல் தலையாட்டினான். கத்தரிக்காய் வாங்கினாலும் பேரம் பேசுகிறவன் அவன். அன்றைக்கே அவள் உஷாராகியிருக்க வேண்டும். பிள்ளைகளின் வளர்ப்புச் செலவு முழுவதையும் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

படகை அவள் மறந்துபோனாள்.

மறந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. விடிந்தால் படகு கட்டுத்துறையில் நிற்கும், ஏறினால் போகும், கிரேன் கயிற்றைத் தூக்கும். இத்தனை வருஷம் அப்படித்தான். நடக்கிறவன் தன் காலைக் கணக்கில் சேர்ப்பானா? அந்தப் படகும் மாமனார் பேரில்தான். சிப்பி அவளுடையது, அதை மேலே கொண்டுவருகிற வழி அவளுடையதில்லை.

தல்சுவின் சித்தப்பா மகன் சாங்கிலிடம் போனாள். அவனிடமும் கிரேன் வைத்த படகு ஒன்று உண்டு. வலை பின்னிக்கொண்டிருந்தவன் எழுந்து, காகிதக் கோப்பையில் காபி கலக்கிக் கொடுத்தான்.

"அண்ணி, உங்களுக்கு இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா யாரும் தூக்கக் கூடாதுன்னு அண்ணன் சொல்லியிருக்கார். அத மீறி நான் தூக்கினேன்னா, பெரியப்பா என்னை இந்தக் குடாவுலயே இருக்க விடமாட்டார்."

"கூலி தர்றேன் தம்பி. சும்மா கேக்கல."

"கூலியா பிரச்சன? உரிமம் பெரியப்பா பேர்ல. அவர் சம்மதமில்லாம வேற படகு உள்ள போனா அது திருட்டு. போலீசுக்கு ஒரு போன் போட்டா என் படகு போச்சு."

"என் சிப்பிய நான் எடுத்தா திருட்டா?"

"சிப்பி உங்களோடது அண்ணி. தண்ணி அவரோடது."

கொட்டகையில் பக்கத்து இடத்தில் நின்று உடைக்கிற மல்ஜா அக்கா இதைக் கேட்டுவிட்டு, கத்தியை நிறுத்தாமலே சொன்னாள். "மாட்ட உனக்குக் குடுத்துட்டு, கயித்த அவன் கையில குடுத்திருக்காங்க. பால் கறக்கணும்னா அவன் வாசல்லதான் போய் நிக்கணும்."

நின்றாள். தல்சு லாரி டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தூக்கித் தர்றேன். பாதி எனக்கு" என்றான்.

"அது பசங்களோடது."

"பசங்க டீசல் போடுவாங்களா? கிரேன் ஓட்டுற ஆளுக்குச் சம்பளம் தருவாங்களா?"

"மொத்தமும் தர்றேன்னு எழுதிக் குடுத்தியே."

"குடுத்துட்டேனே. அங்கதான இருக்கு. போய் எடுத்துக்க."

பாதிக்கு ஒப்புக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. வக்கீல் ஒருவரைப் பார்த்தாள். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து இருக்கிறதே அம்மா, வழக்கு போட்டால் வருஷக்கணக்கில் ஆகும் என்றார் அவர். ஏப்ரலும் வந்தது. தண்ணீர் சூடேற ஆரம்பித்தது. கோடைவரை விட்டால் சிப்பி செத்துக் கழன்று சேற்றில் விழும். வேலைக்குப் போகிற வழியில் மேட்டில் நின்று பார்ப்பாள். சிப்பியின் கனத்தில் அவளுடைய மிதவைகள் பாதி முழுகிக் கிடந்தன. சிப்பி வளர வளர அவளுக்குக் கவலைதான் கூடியது. ஊரில் எல்லோரும் சிப்பி கனத்தால் சந்தோஷப்படுவார்கள்.

மே முதல் வாரம் போரா வகுப்போடு சுற்றுலா போகப் பணம் கேட்டாள். "அப்பாகிட்ட கேட்டேன்" என்றது பெண். "உங்கம்மா கடல்ல கொட்டி வச்சிருக்கா, அங்க போய்க் கேளுன்னாரு."

யோன்சுக் அன்றிரவே முடிவு செய்தாள். பாதியாவது மிஞ்சட்டும். காலை வேலை முடிந்ததும் தல்சுவிடம் போய்ச் சம்மதம் சொல்லிவிட வேண்டியது.

மறுநாள் கொட்டகையில் மேஜை மேல் புதுச் சிப்பியைக் கவிழ்த்தார்கள். பெரிய சிப்பி, உள்ளங்கை அகலம். பெண்கள் சந்தோஷமாக உடைத்தார்கள்; சதை கனத்தால் கூலி கூடும். இரண்டு வாளி நிறைத்த பிறகு, கொத்தாக ஒட்டியிருந்த சிப்பிகளுக்கு நடுவே ஒரு நீலக் கயிற்றுத் துண்டு அவள் கத்தியில் சிக்கியது. அடுத்த கொத்திலும் நீலம். வெளிக்கோடி வரிசைகளில் சிப்பிக் குஞ்சுகளைக் கட்டும்போது கறுப்புக் கயிறு தீர்ந்துபோய், மிச்சமிருந்த நீலக் கயிற்றை வெட்டிக் கட்டியவள் அவள்தான். குடாவில் வேறு யாரும் நீலத்தில் கட்டவில்லை.

கத்தியோடு வெளியே போனாள். தல்சு லாரியிலிருந்து கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தான்.

"இது என்னோடது."

"கத்திய கீழ வை."

"என்னோடதுன்னு சொன்னேன்."

அவன் கையுறையைக் கழற்றினான். "இன்னும் பத்து நாள் போயிருந்தா சேத்துலதான் கெடந்திருக்கும். வீணாப் போறத அப்பா எடுக்கச் சொன்னார். கடல்ல என்ன பேரா எழுதியிருக்கு?"

"பாதி தர்றேன்னு சொன்னியே."

"அப்ப நீதான் வேணாம்னுட்ட. இப்ப அப்பாகிட்ட நான் வாங்கின கடனுக்குப் போயிடுச்சு."

"போராவும் தோவுனும் உன் பசங்க."

"தெரியும். பெரியவங்களாகட்டும், எல்லாம் அவங்களுக்குத்தான."

கொட்டகை முதலாளி வாசலுக்கு வந்தார். "போரா அம்மா, குடும்பச் சண்டைய வீட்டுல வச்சுக்க. சரக்கு அவர் அப்பா பேர்ல வந்திருக்கு, பில் அவர் பேர்ல. நிக்கிறதுன்னா நில்லு, போறதுன்னா போ. உன் எடத்துக்கு வெளிய ஆள் நிக்குது."

அவள் தல்சுவின் முகத்தைப் பார்த்தாள். வெட்கம் ஏதாவது தெரிகிறதா என்று தேடினாள். தூக்கம் கெட்ட களைப்புதான் தெரிந்தது.

உள்ளே திரும்பிப் போனாள். மல்ஜா அக்கா தன் பக்கத்திலிருந்து பெரிய சிப்பிகளாகப் பொறுக்கி அவள் முன்னால் தள்ளினாள். "உடை. உன் சிப்பியிலேருந்து உனக்கு வரப்போறது இந்தக் கூலி மட்டும்தான்" என்றாள்.

யோன்சுக் உடைத்தாள். தோள் கழன்றுவிடும்போல வலித்தது. மாலைவரை உடைத்தாள், அன்று கொட்டகையிலேயே அவள் எடைதான் அதிகம். அந்தக் கூலியில் போராவின் சுற்றுலாவுக்குக் கட்டினாள்.

காகிதத்தில் தல்சு தன் பிள்ளைகளுக்குக் கடன்காரன் இல்லை. ஆனால் போராவுக்கும் தோவுனுக்கும் அப்பன் தர வேண்டிய வளர்ப்புச் செலவு, இருபது வரிசைச் சிப்பி, முழுசாகப் பாக்கி.