முட்டை அட்டையின் மூன்றாவது குழி

மூன்று பழுப்பு, ஒன்று வெள்ளை. வெள்ளை என்றால் சுத்தமாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பிறகு ஏன் எனக்குப் பயமாக இருக்கிறது?

உதிரிபாகக் கடைக்குப் போகும் பஸ்ஸில், கணவனுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். முட்டை அட்டையிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. நான்கு குழிகளில் ஜீப்பிலிருந்து கழற்றிய நான்கு ஸ்பார்க் பிளக்குகள். எது எந்த சிலிண்டருடையது என்று மாறிவிடக் கூடாதென்று அவள் கணவன் எப்போதும் இப்படித்தான் வரிசையாக வைப்பான். அவர்கள் வீட்டில் முட்டை அட்டை முழுதாக இருந்ததே கிடையாது.

வெள்ளையாக இருந்தது மூன்றாவது. அதன் முனை எலி கொறித்ததுபோல் தேய்ந்திருந்தது.

போன வாரம் மலைப்பாதையின் செங்குத்தான வளைவொன்றில் ஜீப் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோயிற்று. நின்றதோடு விடவில்லை, பின்னால் உருளத் தொடங்கியது. அவன் பிரேக்கை மிதித்தான். அவளும் மிதித்தாள், அவள் பக்கம் வெறும் தகரம்தான் என்றாலும். பின்சக்கரம் ஒரு பாறையில் முட்டி நின்றபோது, அவள் பக்கத்துக் கதவுக்கு வெளியே கால் வைக்கத் தரை இல்லை. அவன் பக்கமாகத்தான் இருவரும் இறங்கினார்கள்.

அப்படிக் காலால் தகரத்தை மிதிப்பது அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே பழக்கம். அதனால் அவன் வீட்டில் அவளுக்கு ‘பிரேக்கு’ என்று பெயர். ஏணியில் ஏறமாட்டாள். அடுப்பை அணைத்துவிட்டோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவாள். ஆரம்பத்தில் கேலியாக இருந்தது, போகப்போக வேறொன்றாக மாறிவிட்டது. ஒருமுறை எல்லோரும் ஏரிக்குப் போனபோது, படகில் யாரும் முதலில் ஏறவில்லை. அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் போய் உட்கார்ந்ததும், “பிரேக்கே ஏறிட்டா, அப்புறம் என்ன” என்று திபுதிபுவென்று ஏறினார்கள். அவள் பயத்தை அவர்கள் நம்பவில்லை. அவள் பயப்படாமல் இருப்பதை மட்டும் நம்பினார்கள்.

உதிரிபாகக் கடையில் ரப்பரும் கிரீஸும் கலந்த வாடை. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெள்ளைப் பிளக்கை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிளக்கின் பீங்கான் பகுதியின் மேல் பளபளவென்று சின்னச் சின்னப் பொட்டுகள். அது பிஸ்டன் உருகித் தெறித்த உலோகமாக இருக்கலாம் என்றார், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அந்த சிலிண்டர் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகிறது, எங்கோ காற்றை உறிஞ்சுகிறது போலிருக்கிறது, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்.

இதெல்லாம் அவள் கணவனுக்குத் தெரியாததல்ல. அந்த ஜீப்பை நட்டு நட்டாகப் பிரித்துப் பூட்டியவன் அவன். ஆனால் ஹெட்டைத் திறந்தால் வண்டி ஒரு வாரம் படுத்துவிடும். நாளைக் காலை அவன் தங்கையும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அவனோடு அதே ஜீப்பில் மலை உச்சிக்குப் போவதாகப் பேச்சு. மூன்று பிளக்குகளை வண்டிக்கு உரிய ரகத்திலேயே எடுத்துக்கொண்டான். நான்காவதை, மூன்றாம் சிலிண்டருக்காக, சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்தும் வேறு ரகத்தில் கேட்டான். கோல்ட் பிளக் என்பார்கள்.

கடைக்காரர் அதை எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தார். “காய்ச்சல் அடிக்குதுன்னா தெர்மாமீட்டர மாத்துறீங்களே தம்பி.”

அவனும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அடுத்து நின்றவர் ஃபேன் பெல்ட் கேட்டார், கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

வீட்டு வாசலில் பானட்டைத் தூக்கி வைத்துவிட்டு அவன் வேலையைத் தொடங்கினான். பிளக் முனைகளின் இடைவெளியை அளந்து சரிசெய்து, திருகுப் புரி பிசகிவிடாமல் ஒவ்வொன்றையும் முதலில் விரலாலேயே திருகி, கடைசியில்தான் ஸ்பேனரைப் போட்டான். பொறுமையான விரல்கள். மூன்றாவதைத் திருகும்போது மட்டும் அது இரண்டு முறை நழுவிற்று. அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். கையில் எண்ணெய் எதுவும் இல்லை.

அவள் அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல் இருந்தாள்.

எஞ்சின் முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, குலுக்கல் இல்லை. “கேளு, எப்படி ஓடுது பாரு. தையல் மெஷின் மாதிரி” என்றான். அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். உண்மையிலேயே சீராகத்தான் ஓடியது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஏதாவது ஒரு தட்டல், ஒரு கரகரப்பு கேட்டிருந்தால் சுட்டிக்காட்டியிருக்கலாம். இப்போது அவளிடம் இருந்ததெல்லாம் பயம் மட்டும். ஏணிக்கும் அடுப்புக்கும் பயன்பட்டுப் பயன்பட்டுத் தேய்ந்துபோன பயம். இதற்கென்று தனியாக ஒன்று அவளிடம் இல்லை. ஒருவேளை இதுவும் வெறும் ஏணிப் பயம்தானோ? வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் மணி அடித்துவிட்டு, நிஜமாகவே தீப்பிடிக்கும்போது யாரிடம் போய் என்ன சொல்வது?

சமதரையில் நிற்கும் வண்டி எப்படி ஓடினால் என்ன, என்று நினைத்தாள். அந்த வளைவு வாசலில் இல்லையே.

அவன் எஞ்சினை நிறுத்தினான். போன் அடித்தது. அவன் தங்கை. எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். பிள்ளைகள் பையைக் கட்டி வைத்துவிட்டார்கள், சின்னவன் தொப்பியோடுதான் சோறு தின்கிறான் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, போன வாரம் நடந்ததைக் கேள்விப்பட்டதாகச் சொன்னாள். பிளக் எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று, வண்டி பறக்கிறது என்றான் அவன்.

“நீ பறக்கும்னுதான் சொல்லுவ. அண்ணிகிட்ட குடு. அண்ணி சொல்லட்டும், நான் கிளம்புறேன்.”

அவன் போனின் வாய்ப்பக்கத்தை உள்ளங்கையால் பொத்தினான். “ஒரே வார்த்தை. வண்டி நல்லாருக்குன்னு சொல்லிடு. நீ சொன்னா அவ நம்புவா.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். மேலுதட்டில் வியர்வை பொடித்திருந்தது. கண் அவளிடம் கெஞ்சியது. தங்கைக்காக மட்டும் அவன் இதைக் கேட்கவில்லை என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. அவளே சொல்லிவிட்டால் அவனும் நம்பிவிடலாம். பாறையில் முட்டிய அந்தச் சத்தத்தை அவனும் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறான். அந்த வீட்டில் பயப்படும் வேலை அவளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதனால் அவனுக்குப் பயப்பட இடமே இல்லாமல் போயிற்று.

அவன்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தில் சொல்லிவிடுவோமோ என்று நினைத்தபோதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயம் வந்தது.

“அண்ணி, இருக்கீங்களா?”

போனை அவளிடம் நீட்டினான். அவள் கையில் முட்டை அட்டை இருந்தது. அதைக் கீழே வைக்காமல், இன்னொரு கையால் போனை வாங்கினாள். தொப்பியோடு சோறு தின்கிறவன் எதற்கோ சிரிப்பது கேட்டது.

“இருக்கேன்மா” என்றாள். குரல் நடுங்கியது. அதை அவள் மறைக்கவில்லை. “வண்டி நல்லாருக்குன்னு நான் சொல்லமாட்டேன்.”