சிவப்புப் புள்ளிக்கோடு

"அந்தப் படத்த தூக்குறியா, இல்லியா?"

தேவா போட்ட சத்தத்தில் அடுப்படியில் அம்மா ஜெகதாம்பாளின் கரண்டி பிடித்த கை நின்றது. அவன் தங்கை யோகேஸ்வரி வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்தால் அழுதுவிடுவோம் என்று பயம்.

செங்கல்பட்டில் புவியியல் முதுகலை படிக்கிறவள் அவள். மாணவர்களின் ஆய்வுகளை வெளியிடும் புவியியல் இதழ் ஒன்று அவள் கட்டுரையை ஏற்றிருந்தது. அச்சுக்குப் போகுமுன், நாளைக் காலைக்குள் அவள் சம்மதம் சொல்ல வேண்டும். கட்டுரையின் உயிரே ஒரு வரைபடம்தான். புதுப்பட்டினத்தை ஒட்டிய அவர்கள் குப்பம், படகு வரிசை, அதைத் தாண்டி மீன் ஏலக் கொட்டகை. படகுகளின் முன்னால் நேராகப் போகும் நீலக்கோடு சுமங்கலிகளின் பாதை. கோயிலுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பைச் சுற்றும் சிவப்புப் புள்ளிக்கோடு தாலி இழந்தவர்களுடையது. கடலுக்குப் புறப்படும் படகின் எதிரே அவர்கள் வந்துவிடக் கூடாதாம். சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் வஞ்சிரமும் வவ்வாலும் ஏலம் போயிருக்கும். மிச்சம் கிடக்கும் பொடிமீன்தான் அவர்களுக்கு. அந்தப் பொடிமீனை அணுபுரம் குவார்ட்டர்ஸில் விற்றுத்தான் ஜெகதாம்பாள் மகளைப் படிக்க வைத்தாள்.

தோழி பிரபா பெருமையாக வாட்ஸப்பில் போட்ட அந்தப் படம், ஒரே நாளில் குப்பம் முழுக்கப் பரவிவிட்டது.

"ஊரு மானத்த புக்ல போட்டு விக்கிறா உன் தங்கச்சின்றானுங்க. நாளைக்கி எவன் வந்து என் படகுல கை வெப்பான்?"

"இல்லாததயா போட்டேன்? நீ கடலுக்குப் போசொல்ல, பெத்தவ தோப்புல ஒளிஞ்சிகினு போறா. அது மானமாண்ணா?"

அடிக்க ஓங்கியது தேவாவின் கை. தானே இறங்கவும் செய்தது. பாசக்காரப் பிள்ளைதான், அம்மாவுக்கு ஒரு தலைவலி என்றால் துடித்துப் போவான். இப்படிப்பட்ட நல்ல பிள்ளைகள்தான் இந்த வழக்கத்தையும் கட்டிக் காக்கிறார்கள், என்னத்தைச் சொல்ல!

"அந்தச் செவப்புக் கோட்ட மட்டும் அழிச்சிடு" என்றான், குரல் தணிந்து.

ஜெகதாம்பாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "எங்க, காட்டு."

மகளின் போனில் சிவப்புக் கோட்டின் மேலேயே அவள் விரல் போனது. தோப்பின் வளைவில் நின்றது.

"இம்மாந்தூரமா சுத்திகினு கீறேன்?"

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். விடியும்வரை யோகேஸ்வரிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

காலையில் அம்மாவையும் காணோம், மீன் சுமக்கும் அன்னக்கூடையையும் காணோம். பதறிக்கொண்டு கரைக்கு ஓடினாள். தேவாவின் படகைத் தள்ள நாலைந்து பேர் கை வைத்திருந்தார்கள். அவர்களுக்கு நேர் எதிரே, ஈரமணலில், இடுப்பில் கூடையோடு ஜெகதாம்பாள் கொட்டகையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

"இன்னாம்மே, புத்தி பெசகிப் போச்சா?" ஊர்ப் பெரியவர் தேசப்பன் கத்தினார். படகிலிருந்து ஒவ்வொரு கையாக விலகியது.

ஜெகதாம்பாள் நின்று திரும்பினாள். "எம்புள்ள நல்லபடியா கர திரும்பணும்னு என்னவிட வேண்டிக்கிறவ எவ கீறா? இட்டுகினு வா, பாக்கறேன்." பிறகு மகனிடம் சொன்னாள்: "கோட்ட அழிக்கச் சொன்னியே நைனா, அழிச்சிட்டேன். தள்ளு."

அவன் மணலையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்று அவன் படகு கடலுக்குப் போகவில்லை. கொட்டகையில் ஜெகதாம்பாள் பல வருடங்களுக்குப் பிறகு வஞ்சிரத்துக்கு ஏலம் கேட்டாள்.

யோகேஸ்வரி அங்கேயே நின்று இதழாசிரியருக்கு எழுதினாள்: "படத்தை அப்படியே போடுங்கள். ஒரே ஒரு திருத்தம். நீலக்கோடு சுமங்கலிகளின் பாதை என்று குறித்திருந்தேன். இன்று காலையிலிருந்து அது தவறு."