பெயர் போட்ட செய்தி

விடிவதற்குள் டிரெடில் அச்சு இயந்திரத்தை மிதித்து மிதித்து நாகராசுவின் தொடை கடுத்துப் போயிருந்தது. மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாடையில் மதுரைவீரன் ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்துக்கொண்டிருந்தான். அச்சான தாள்களை அழகி மடித்தாள். புதுக்கோட்டையின் அந்த வாரப் பத்திரிகைக்கு ஆள் இவ்வளவுதான். ஊர் ஊராகப் போய்ச் செய்தி எழுதி வருகிறவன் திருப்பதி.

ஆறு வருஷமாக அவன் எழுதியதெல்லாம் 'நமது நிருபர்' என்றே வந்தது. பேர் போடச் சொல்லிக் கேட்டு நாக்குத் தேய்ந்ததுதான் மிச்சம். இன்று மதுரைவீரன் திருத்தம் பார்க்க நீட்டிய ஈரப் புரூப் தாளில், தலைப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில் அவன் பெயர். ஒரு நொடி உள்ளம் குளிர்ந்துதான் போனது. மேற்கொண்டு படித்தான்.

நார்த்தாமலைக் கல் குவாரியில் வெடி வெடித்துச் செத்த கருப்பனைப் பற்றிய செய்தி அது. திரி கட்டையாக இருக்கிறது, ஓடித் தப்ப முடியாது என்று கருப்பன் சொல்லியும் மேஸ்திரி அதையே வைக்கச் சொன்னதை, அவன் பெண்சாதி செவந்தியிடம் கேட்டு எழுதியிருந்தான் திருப்பதி. புரூப்பிலோ, கருப்பன் குடித்துவிட்டு வெடி வைத்தானாம். பக்கத்தில் குவாரிக்காரரின் அரைப்பக்க விளம்பரம். செத்தவன் வாயில் சாராயத்தை ஊற்றிவிட்டு, ஊற்றியது திருப்பதியின் கை என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

பத்திரிகை முதலாளி ரெங்கராஜ் வெற்றிலையைக் குதப்பியபடி வந்தார்.

“பேரு பேருன்னு உசிரை வாங்குனியே. போட்டாச்சுல்ல?”

“மாத்துனது நீங்க. ஒங்க பேரைப் போட்டுக்கங்க.”

“என் பேருன்னா குவாரிக்காரரும் நானும் கூட்டுன்னு ஊரு பேசும். ஒன் பேருன்னா நம்புவாங்க. செவந்தி ஒங்கிட்டதானே அழுதா?”

அந்த முகத்தைப் பார்க்கவே திருப்பதிக்கு அருவருப்பாக இருந்தது. மதுரைவீரன் கோத்த அச்சிலிருந்து திருப்பதியின் பெயர் வரியை மட்டும் உருவி எழுத்துப் பெட்டியில் கொட்டினான்.

“யாரைக் கேட்டு எடுத்தே?”

“அவரு பேரு. அவரு வேணாங்கறாரு.”

“ரெண்டு பேரும் வெளிய போங்க. நாகராசு, நீ மிஷினை ஓட்டு.”

டிரெடில் நின்றது.

“நானும் போறேங்க” என்றான் நாகராசு. அழகியும் மடியை உதறிக்கொண்டு எழுந்தாள்.

ஆணியில் குத்தியிருந்த தன் கையெழுத்துத் தாளைத் திருப்பதி எடுத்துக்கொண்டான். ரெங்கராஜின் சிவப்பு மை அடித்தல்கள் அதில் அப்படியே இருந்தன. நாளைப் பாட்டுக்கு வழி தெரியாமல் நால்வரும் தெருவில் இறங்கினார்கள்.

“இதைச் செவந்திக்கிட்ட குடுப்போம். கேஸ் போட ஒதவும்” என்றான் திருப்பதி.

“அடிச்சு மாத்துனது யாரு கைன்னு நாங்க சாட்சி சொல்றோம்” என்று மதுரைவீரன் அடியில் பெயர் எழுதினான். நாகராசும் எழுதினான். அழகிக்கு எழுதத் தெரியாது. அவள் கட்டைவிரலில் ஏற்கெனவே மை இருந்தது.

“கைநாட்டு வைக்கறேன். மொதல்ல படிச்சுக் காட்டுங்க.”

திருப்பதி முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தான். டீக்கடையில் நின்ற இரண்டு பேர் கிளாசை வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்கள்.