ஐந்து நோன்பு

நூற்றுப் பன்னிரண்டு நாள், இன்றோடு. விடிகாலை நோன்பு பிடிக்க ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பிய போதும் எண்ணினாள், பஸ்ஸில் வரும்போதும் எண்ணினாள், பள்ளிக்கூடத்தில் மூன்றாம் தவணை தொடங்கிய மறுகிழமை கடைசியாக வந்தது, அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூட இல்லை, கணக்கில் பிழை இருக்காது, விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் அல்லவா… ஸக்கியா மாத்தளை ஆஸ்பத்திரி வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தங்கச்சி றம்லா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டாக மடங்கிக் கிடந்தாள். நம்பர்த் துண்டுச் சீட்டில் எழுதியிருப்பது றம்லாவின் பெயர். வருத்தக்காரி அவள், கூட்டிக்கொண்டு வந்த மூத்தவள், ராத்தா, அவ்வளவுதான். பஸ்ஸில் ஒரு கிழவர் எழும்பி இடம் கொடுத்தாரே, யாருக்கு? றம்லாவுக்கு. இருபத்தெட்டு நாளுக்கு ஒரு தடவை, உக்குவளை ஸ்டேஷனுக்கு ரயில்கூட அப்படி நேரத்துக்கு வராது, அவளுக்கு வரும், வந்தால் வீடே அறியும். உம்மா கொத்தமல்லி அவிப்பாள், சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வயிற்றில் வைப்பாள், நெற்றியில் கையை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பாள்… அந்தக் கை. நோவைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவள் எங்காவது இருப்பாளா?

"ஏலா ராத்தா, பிச்சுக்கிட்டுப் போவுது."

"பொறு. இன்னும் மூணு பேர்தான்."

"ஒங்களுக்கு என்ன, ஒண்டும் நோவாது. கல்லு மாதிரி ஈக்கீங்க."

கல்லு. சும்மா சொன்னாள், தெரிந்து சொல்லவில்லை, தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்… கரும்பலகையில் வட்டம் கீறி, மாதவிடாய் வட்டம், இருபத்தெட்டு நாள் என்று எழுதிவிட்டு, மிச்சத்தை வீட்டில் வாசியுங்கள் பிள்ளைகளே என்று டஸ்டரை எடுத்தவள் இவள்தானே. சூலகம், கபச்சுரப்பி, தைரொயிட், எல்லாப் பெயரும் தெரியும், தன்னுடையதில் எது பிழை என்று மட்டும் தெரியாது. பெரியவளான நாளிலிருந்தே இப்படித்தான், நாற்பது நாள், அறுபது நாள், ஒரு தடவை எண்பது, பாடக்குறிப்புக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பென்சில் புள்ளிகள், புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே வெறும் தாள். நாள் வந்தால் பெண்ணுக்கு நோன்பில்லை, விட்டதைப் பிறகு பிடிக்க வேண்டும்; இவளோ போன வருஷம் முப்பது நோன்பையும் ஒன்றும் விடாமல் பிடித்தாள். பெருநாளன்று உம்மா அடுப்படியில் குரலைத் தாழ்த்தி, "முப்பதுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு இவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வை போதாதா, கல்யாணமாகாத பிள்ளை, நாள் வராவிட்டால் வாய்கள் என்னவெல்லாம் சொல்லும், வருத்தம், நோய் என்றால் இன்னும் மோசம், கலேவெலையிலிருந்து பெண் கேட்டிருக்கிறார்கள், ரவூப் என்ற கடைக்காரர், அவருடைய தாய் வருகிற மாதம் வீட்டுக்கு வருகிறாள். அதனால்தான் இந்த வருஷம் முழுக்கச் சுத்தமான துணியை நனைத்துக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் காயப்போட்டாள், மாதம் தவறாமல், றம்லாவின் துணிக்குப் பக்கத்திலேயே.

பத்தாம் நோன்பன்று றம்லாவுக்கு வந்தது. உம்மா அடுப்படிக் கதவை ஆண்கள் காணாமல் சாத்திவிட்டு அவளுக்குத் தேத்தண்ணியும் ரொட்டியும் வைத்தாள், ஸக்கியாவைத் திரும்பிப் பார்த்தாள். "ஒனக்கு?" எனக்கும்தான் உம்மா… வாய் தானாகச் சொல்லிற்று. உம்மாவின் முகம் எப்படித் தெளிந்தது! இன்னொரு கோப்பை வந்தது. முதல் துண்டு ரொட்டி தொண்டையில் நின்றது, பிறகு இறங்கிவிட்டது, இறங்காமல் நின்றிருக்கக் கூடாதா? ஐந்து நாள், காரணமில்லாமல் ஐந்து நோன்பு. ஆனால் மூன்றாம் நாள் உம்மா, "வயிறு நோவுதா மகள்?" என்று கேட்டாள், கொஞ்சம் என்றாள் இவள், அந்தக் கை வந்து நெற்றியில் இருந்தது. அல்லாஹ்வை ஏமாற்றி வாங்கிய கை. அதில் ரொட்டி மா மணத்தது… சந்தோஷமாக இருந்ததா? இருந்தது, அதுதான் பயம். இன்று களா நோன்பு, விட்டதற்குப் பதிலாகப் பிடிப்பது, ஐந்தாவது, இதோடு ஐந்தும் தீர்ந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தீர்ந்ததா?

பெயர் கூப்பிட்டார்கள். டொக்டர் சந்திரகாந்தா யாழ்ப்பாணத்துப் பெண், மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்ப்பவள். கடைசியாக எப்போது என்று கேட்டதும் றம்லா திகதியோடு சொன்னாள், இன்று காலை, அதற்கு முன்னர் எட்டாம் திகதி, எவ்வளவு இலேசாகச் சொல்கிறாள், பரிசு வாங்கப் போகிற பிள்ளையைப் போல.

"நாள் தவறாமல் வருது, நல்லம். நோவுக்குக் குளிசை தாறன். கனபேருக்கு ஒரு கிழமை முன்ன பின்ன போகும், அதுக்குப் பயப்பிடத் தேவையில்லை. மூண்டு மாசமா வராமல் விட்டால்தான் கட்டாயம் காட்ட வேணும்."

"அப்ப அது பெரிய வருத்தமா டொக்டர்?" கேட்டது றம்லாதான். அவளுக்கு ஏன் அது?

"பெரிசெண்டு இல்லை. கவலை, மெலிவு, கழுத்துச் சுரப்பி, எதுவாவும் இருக்கும். பாத்தால்தானே தெரியும். கனபேர் ஒளிச்சு வச்சிட்டு வருஷம் கழிச்சு வருவினம்." பேனை நின்றது. கண்ணாடி ஸக்கியாவின் பக்கம் திரும்பி, மணிக்கட்டில், கழுத்தில், முகத்தில் நின்றது. "நீங்கள் தமக்கையோ? சரியா மெலிஞ்சிருக்கிறீங்கள். உங்களுக்கு எல்லாம் ஒழுங்கோ?"

ஒழுங்கு. ஒரு சொல் போதும், சொல்லிவிட்டு எழும்பலாம், பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடிக்கலாம்… ஆனால் அவளுக்கு முந்தி றம்லா சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டே. "ராத்தாக்கு ஒழுங்குதான் டொக்டர். நோன்புல நாங்க ரெண்டு பேரும் ஒண்டாத்தான் விட்டோம். அவக்கு நோவே இல்ல, எனக்கு அவவப் பாத்தா பொறாமையா ஈக்கும்."

பொறாமையா? என்னைப் பார்த்தா? இத்தனை நாளும் தங்கச்சி அந்த வெறும் தாளைப் பார்த்தா பொறாமைப்பட்டாள்… சாத்திய கதவுக்குப் பின்னால், தனியாகத் தின்ன வெட்கப்பட்ட றம்லா, இவளும் பக்கத்தில் வந்து குந்தியதும் ரொட்டியைப் பிய்த்துப் பெரிய பாதியை நீட்டினாளே, அது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. கேட்டவள் டொக்டர், ஸக்கியா பார்த்தது தங்கச்சியை.

"நோன்புல எனக்கு வரல்ல, றம்லா. சும்மாதான் ஒன்னோட சாப்புட்டேன். நூத்திப் பன்னெண்டு நாளாச்சி."