வில்மா பேசிய பாடம்

ஒடீலியா பல்கலைக்கழகம் போவதற்கு ஒரே ஒரு பாடம்தான் குறுக்கே நின்றது. அதுவும் என்ன பாடம்? நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசுகிற பாடம். எழுத்து முடிந்தது, கணக்கு முடிந்தது, தர்க்கம் முடிந்தது. இந்த நாலாவது இல்லாவிட்டால் எங்கள் ஊர்க் கல்லூரியின் இரண்டு வருஷக் கலைப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ள எந்தப் பல்கலைக்கழகமும் கதவைத் திறக்காது.

இரண்டு முறை சேர்ந்தாள். இரண்டு முறையும் முதல் பேச்சன்றைக்கே எழுந்து வெளியே வந்து பாடத்தை விட்டுவிட்டாள். மூன்றாவது வாய்ப்புதான் கடைசி; அதற்கு மேல் கல்லூரி சேர்க்காது. ஆலோசகர் சாய் வாங் தங்கமான மனுஷர். "இதை மட்டும் வர்ற பருவத்துல முடிச்சிடும்மா, மத்தது எல்லாம் சரியா இருக்கு" என்று கெஞ்சாத குறையாகச் சொல்லி அனுப்பினார்.

நான் பிலோமினா, அவளுடைய மாமன் மகள். அவள் அம்மா லூர்து எனக்கு அத்தை. கலிபோர்னியாவின் இந்த நடுப்பள்ளத்தாக்கில் எங்களைப் போன்ற போர்த்துகீசியக் குடும்பங்களுக்குத் தெரிந்தது மாடும் பாலும்தான். பல்கலைக்கழகம் என்று எங்கள் குடும்பத்தில் முதலில் வாயைத் திறந்தவள் ஒடீலியா இல்லை, வில்மா.

வில்மாவும் ஒடீலியாவும் இரட்டைப் பிள்ளைகள். கொஞ்சம் முன்னால் பிறந்ததால் வில்மா அக்கா. முகத்தில் வித்தியாசம் கண்டுபிடித்துவிடலாம், குரலில் முடியாது. ஆனால் பேசுவது எப்போதும் வில்மாதான். பீட்சாக் கடையில், டாக்டரிடம், பாதிரியாரிடம், எல்லா இடத்திலும் ஒடீலியாவுக்கும் சேர்த்து அவளே வாய் கிழியப் பேசுவாள். முதல் பருவத்திலேயே அந்தப் பேச்சுப் பாடத்தை எடுத்து 'ஏ' வாங்கினாள். அந்த ஜனவரியில், மூடுபனிக் காலையில், கல்லூரிக்குக் கார் ஓட்டிப் போனவள் திரும்பி வரவில்லை. ஒடீலியா அன்று காய்ச்சலென்று வீட்டில் படுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒடீலியா வாயைத் திறந்தால் போதும், அடுக்களையில் நிற்கும் அத்தை சட்டென்று திரும்பிப் பார்ப்பாள். முகம் ஒரு நொடி மலரும். பேசியது யாரென்று தெரிந்ததும் அப்படியே வாடிப்போகும். பெற்ற தாய் தன்னைப் பார்த்து ஒவ்வொரு நாளும் ஏமாந்துபோவதை எந்தப் பெண் தாங்குவாள்? ஒடீலியா பேச்சைக் குறைத்தாள். அப்புறம் நிறுத்தியே விட்டாள்.

மூன்றாவது முறை பதிவு செய்ய வேண்டிய ஜனவரி வந்தது. கல்லூரி வாகன நிறுத்தத்தில், என் காருக்குள் உட்கார்ந்து, போனில் கல்லூரித் தளத்தில் இருக்கும் தன் மாணவர் கணக்கைத் திறந்தாள். திறந்தவள் பேய் அறைந்த மாதிரி ஆகிவிட்டாள்.

"பிலோ, இதப் பாரு."

பேச்சுப் பாடத்துக்கு நேரே பச்சை டிக். முடிந்தது. மதிப்பெண் 'ஏ'. மேலே, வழக்கமாக அவள் பெயர் இருக்கும் இடத்தில், 'வருக, வில்மா' என்றிருந்தது.

வெளியே பனியில் பக்கத்துக் கார் கூடத் தெரியவில்லை.

"யாரோ தப்பா சேத்துட்டாங்கடி," என்றேன். "கம்ப்யூட்டர் தப்பு."

"நான் திறக்கறதுக்கு முன்னாடியே யாரோ உள்ள வந்து உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு."

"உளறாத. வாயை வச்சிக்கிட்டு சும்மா இரு. பாடம் முடிஞ்சிருக்குன்னா முடிஞ்சிருக்கு. ரெண்டு தடவ ஓடி வந்தவதானே நீ? அதிர்ஷ்டத்தக் காலால உதைக்காத."

அவள் பதிவு செய்யவில்லை. வீட்டுக்குப் போய் அத்தையிடம் காட்டினாள். அத்தை திரையைத் தடவிப் பார்த்து, சிலுவைக் குறி போட்டு, அழுதாள். மகள் பல்கலைக்கழகத்தில் கால் வைத்தால் பரிசுத்த ஆவித் திருவிழாவில் ஊருக்கே சூப்பும் ரொட்டியும் போடுவதாக வில்மா இருந்தபோதே நேர்ந்துகொண்டிருந்தாள்.

"உங்கக்கா உனக்காகப் பேசிட்டா," என்றாள். "எப்பவும் அவதானே பேசுவா. விடு."

அந்தப் பச்சை டிக்கோடு போன விண்ணப்பத்துக்கு மார்ச்சில் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. பெயர்: ஒடீலியா போர்பா. அதற்குக் கீழே, இன்னொரு பெயர்: வில்மா. அத்தை அதைச் சட்டம் போட்டு மாட்டினாள். நானும் கை தட்டினேன், பொய் சொல்வானேன்.

அடுத்த வாரம் காப்பிக் கடையில் வரிசையில் நின்றோம். கோப்பையில் எழுதப் பெயர் கேட்டான் கடைக்காரன். ஒடீலியா யோசிக்கவே இல்லை.

"வில்மா," என்றாள்.

குரலும் அதே குரல். வெளியே வந்ததும் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"என்னடி பேர் சொன்ன?"

"தெரியல பிலோ. இப்பல்லாம் அப்படித்தான் வருது." அழ ஆரம்பித்தாள். "அந்தப் பேர்ல பேசுனா பேச வருது. என் பேர்ல வாயே வர மாட்டேங்குது. அங்க போறது யாரு? நானா, அவளா? அந்தப் பேர்ல போனா ஒடீலியா இங்கேயே செத்துருவா போலிருக்கு."

அதிர்ஷ்டமாவது மண்ணாங்கட்டியாவது! அன்றைக்கே அவளைச் சாய் வாங்கிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரே குடும்பப் பெயர், ஒரே பிறந்த தேதி, ஒரே வீடு, ஒரே தொலைபேசி. ஒரே ஆள் இரண்டு முறை பதிந்துவிட்டார் என்று நினைத்து, விடுமுறையில் யாரோ இரண்டு கணக்கையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள்.

"வில்மா தவறிட்டாங்கன்னு கல்லூரிக்கு யாருமே சொல்லலையாம்மா?"

சொல்லவில்லை. அத்தை யாரையும் சொல்ல விடவில்லை.

பிரிக்க வேண்டுமென்றால் இறப்புச் சான்றிதழ் வேண்டும். பிரித்தால் பாடம் போய்விடும், இடமும் போகலாம். கோடை வகுப்பில் கடைசி முறையாக முடித்துத் தருகிறேன் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்கலாம். அவர்கள் சரி என்றும் சொல்லலாம், மாட்டோம் என்றும் சொல்லலாம். அவர் ஒன்றையும் பூசி மெழுகவில்லை.

சான்றிதழ் அத்தையிடம் இருந்தது. கேட்டதற்கு, பூகம்பம்தான்.

"ஒரு இடத்துலயாவது ரெண்டு பேரும் ஒண்ணா உசுரோட இருக்கீங்க! அதையும் பிரிக்கணுமா? அவ மேல உனக்கு என்னடி பொறாமை?"

ஒடீலியா மறுநாள் காலையில் கிளம்பி வாசலில் நின்றாள். அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டு தானும் வந்து காரில் ஏறினாள். எதற்கு வருகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

பதிவு அலுவலக ஜன்னலுக்கு முன்னால் நல்ல வரிசை. எங்கள் முறை வந்ததும் அத்தை முந்திக்கொண்டாள்.

"இது ஒரே கணக்காவே இருக்கட்டும்மா. இவ கொஞ்சம் குழம்பிப் போயிருக்கா. இவளுக்குப் பேச வராது, நான்தான் பேசணும்."

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் ஒடீலியாவைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. நீங்க யாரு?"

ஒடீலியாவின் கை என் கையை நசுக்கியது. போச்சு, ஓடப்போகிறாள் என்றே நினைத்தேன். வெளிக்கதவு அவளுக்கு நேர் எதிரே இருந்தது.

"என் பேரு ஒடீலியா," என்றாள். கதவு வரைக்கும் கேட்டது. "பேச்சுப் பாடத்த நான் படிக்கல. படிச்சது என் அக்கா வில்மா. அவ நல்லா பேசுவா. அவ செத்துட்டா. எனக்கு அவளோட மார்க் வேண்டாம்."

வில்மாவைப் பற்றி 'செத்துட்டா' என்ற அந்த வார்த்தையை எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் சொன்னதில்லை. அத்தை கீழே விழுந்துவிடுவாள் என்று நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் விழவில்லை. மகளைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து சான்றிதழை எடுத்து ஜன்னலுக்குள் தள்ளினாள்.

"அந்த 'ஏ' என்ன ஆகும்?" என்று கேட்டாள். "அழிச்சிடுவீங்களா?"

"இல்லம்மா. அது அவங்க வாங்கினது. அவங்க பேர்லயே இருக்கும்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

அத்தை வில்மாவின் மதிப்பெண் பட்டியலுக்கு ஒரு பிரதி கேட்டு வாங்கினாள். வில்மா போர்பா, ஒரே ஒரு பருவம். விரலால் வரிவரியாகத் தொட்டுப் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள். அப்புறம் ஒடீலியாவின் தாளை வாங்கிப் பார்த்தாள். பேச்சுப் பாடத்துக்கு நேரே ஒன்றுமில்லை.

"கோடையில இத முடிக்கணுமா?" என்று மகளைக் கேட்டாள்.

"ஆமாம்மா. பல்கலைக்கழகத்துல ஒத்துக்குவாங்களான்னு தெரியாது."

"ஒத்துக்கறாங்களோ இல்லையோ, நீ சேரு." அத்தை தாளை அவளிடம் திருப்பிக் கொடுத்தாள். "வீட்டுல என் முன்னாடி நின்னு பேசிப் பழகு. நான் அழுதா அழுதுட்டுப் போறேன், ஒடீலியா. நீ நிறுத்தாத."