இடது கைகள்

'மக்களின் நம்பிக்கையை மீட்டெடுத்தல்' என்ற தலைப்பில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம்பிக்கை என்ன, பேருந்தில் மறந்துவிட்டு வந்த குடையா, போய்க் கேட்டு வாங்கி வர? புதிய பாடத்திட்டம் என்றார்கள்; புத்தகத்துக்கு அட்டை போட்டு முடிப்பதற்குள் அதைத் தூக்கிப் போட்டார்கள். தேர்வு கிடையாது என்றார்கள், பிறகு உண்டு என்றார்கள். ஒவ்வொரு தடவையும் பெற்றோர் முன்னால் அசடு வழிய நின்றது நாங்கள்தான். இப்போது பெற்றோர் வகுப்பிலேயே உட்கார்ந்து பாடம் நடப்பதைப் பார்க்கலாமாம். அதற்கு ஒரு நாளும் குறித்திருந்தார்கள்.

பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சிடுமூஞ்சி சார். பொருத்தமான பெயர்தான்.

ஆனாலும் அந்த நாள் எனக்குத் தேவைப்பட்டது. என் மூன்றாம் வகுப்பில் ஒரு வாயாடி இருக்கிறாள். அவளுடைய அம்மா தையல்காரர். மகளை வேறு பள்ளியில் சேர்க்கப்போவதாகச் சொல்லி டி.சி. கேட்டு வந்து நின்றார். அந்தத் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஏற்கெனவே தனியார் பள்ளிக்குப் போய்விட்டார்கள். இவளும் போனால் எனக்குத் தாங்காது. என்னைப் பார்த்து "ஏன் சார் இன்னிக்கும் கோவமா?" என்று கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

"ஒரு நாள் வந்து பாடத்தைப் பாருங்கம்மா. அப்பவும் பிடிக்கலன்னா நானே டி.சி.க்கு ஏற்பாடு பண்றேன்" என்றேன்.

"உங்க பேச்சுக்காக வரேன் சார்" என்றார்.

அன்று மாலையே தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "அதிகாரியும் வராங்களாம் தம்பி. பசங்ககிட்ட அந்தக் கை விஷயத்தைச் சொல்லி வெச்சிடுங்க."

கை விஷயம் எங்கள் பள்ளியில் காலங்காலமாக நடப்பது. ஆய்வுக்கு யாராவது வந்தால், எந்தக் கேள்வி கேட்டாலும் வகுப்பு மொத்தமும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. ஆசிரியர் வலது கைக்காரர்களை மட்டும் எழுப்புவார். வந்தவர் உச்சி குளிர்ந்து போய்விடுவார்.

"பெத்தவங்க முன்னாடியுமா மேடம்?"

"அவங்க முன்னாடிதான் ரொம்ப முக்கியம். இன்னும் நாலு பிள்ளைங்க போனா ஸ்கூலை மூடிடுவாங்க. அப்புறம் இருக்கிற பிள்ளைங்க எங்க போகும்?"

அவர் கெட்டவர் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே பள்ளி. கூரை ஒழுகினால் தானே வாளியைக் கொண்டுவந்து வைப்பார். பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுத்தேன். அவர்களுக்கு அது ஒரே குஷி.

வீட்டில் சொன்னபோது மனைவி, "நம்பிக்கை வரணும்னு நாடகம் போடறீங்களா? நல்லா இருக்கு உங்க நியாயம்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

அந்த நாளும் வந்தது. பின்வரிசை பெஞ்சுகளில் பெற்றோர், ஓரமாய் நாற்காலியில் அதிகாரி, கதவருகே தலைமையாசிரியை. கடன் வாங்கிக் கழித்தல் நடத்தினேன். கேட்ட கேள்விக்கெல்லாம் அத்தனை கைகளும் உயர்ந்தன. வலது கைகள் டாண் டாணென்று விடை சொல்லின. அதிகாரி தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

வாயாடி ஒவ்வொரு முறையும் இடது கையை எம்பி எம்பித் தூக்கினாள். அவள் அம்மாவின் முகம் மட்டும் வாடிக்கொண்டே வந்தது. மகளை நான் ஒரு தடவையாவது எழுப்பவில்லையே என்ற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். மனசு கேட்கவில்லை.

"நீ வாம்மா. நாற்பத்திரண்டுல பதினேழு போனா எவ்வளவு?"

அவள் திருதிருவென விழித்தாள்.

"சார், நான் இடது கைதானே தூக்கினேன்! தெரியலன்னா இடது கைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

யாரோ ஒரு அப்பா களுக்கென்று சிரித்தார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியை என்னைப் பார்வையாலேயே எரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அந்தப் பிள்ளைமேல் கோபம் வரவில்லை, என்மேல்தான் வந்தது.

"ஆமாங்க" என்று பெற்றோரைப் பார்த்துச் சொன்னேன். "நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இந்த வகுப்புல பாதிப் பேருக்கு இந்தக் கணக்கு இன்னும் வரல. இனிமேதான் வரணும்."

அவளைப் பலகையில் எழுதச் சொன்னேன். முப்பத்தைந்து என்று எழுதினாள்.

"எப்படி வந்துச்சு?"

"ரெண்டுலேர்ந்து ஏழு போகாதே சார். அதான் ஏழுலேர்ந்து ரெண்டைக் கழிச்சேன்."

குச்சிக் கட்டுகளைக் கொடுத்தேன். பத்துப் பத்தாய்க் கட்டிய நாலு கட்டு, உதிரியாய் ரெண்டு. பதினேழை எடுத்துக் கொடு என்றேன். உதிரியில் ஏழு இல்லை. விழித்தாள், எண்ணினாள், மறுபடி எண்ணினாள். அதிகாரி அடுத்த பள்ளிக்கு நேரமாகிறதென்று எழுந்து போய்விட்டார். கடைசியில் அவளே ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றினாள். குச்சிகள் தரையில் சிதறின. மண்டியிட்டுப் பொறுக்கி, பதினேழை என்னிடம் கொடுத்துவிட்டு மீதியை எண்ணி, "இருபத்தஞ்சு" என்று கத்தினாள். மற்ற இடது கைகளும் குச்சி கேட்டு என்னை மொய்த்துக்கொண்டன.

வகுப்பு கலைந்ததும் தையல்காரர் என்னிடம் வந்தார்.

"நானும் இங்கதான் சார் படிச்சேன். அஞ்சாவது முடியற வரைக்கும் இடது கைதான். என்னை ஒருத்தரும் எழுப்பினதே இல்ல."

தலைமையாசிரியை கதவருகேதான் நின்றிருந்தார். அவருக்கும் அது கேட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

"டி.சி. எழுதச் சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இன்னிக்கு வேணாம்" என்றார். "ஆனா நான் மறுபடி வருவேன் சார். எந்த நாள்னு சொல்ல மாட்டேன்."

"வாங்க" என்றேன்.