இரண்டாவது அகப்பை

சோற்றை வடித்த கையோடு தேங்காயை உடைத்தாள் நெல்லையம்மாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த அடுக்களையில் தேங்காய்ப்பால் சொதி கொதிக்கப் போகிறது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

காலையில் டாக்டர் வந்து அவள் புருஷன் நாறும்பூநாத பிள்ளையின் கால் புண்ணில் போட்டிருந்த கட்டை அவிழ்த்துப் பார்த்தார். பழையபடி சுற்றிவிட்டு, வாசலில் கொழுந்தன் காந்திமதிநாதனிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"இனிமே கேட்டதைக் குடுக்கச் சொல்லுதாரு மைனி" என்றான் கொழுந்தன்.

கோமதியம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். சோறு போடலாம் என்றால் சர்க்கரை இறங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்? கொழுந்தன் அவசரமாக இலை வாங்கப் போய்விட்டான்.

பாவம், அந்த மனுஷனை மூன்று வருஷமாக என்ன பாடு படுத்தியிருக்கிறாள்! ஊசி மருந்து மதுரையிலிருந்து ரயிலில் வந்தால்தான் உண்டு, பத்தியம்தான் மருந்து. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அடுக்களை ஆணியில் தொங்கியது. கேழ்வரகுக் களி, பாகற்காய், கீரை. மத்தியானம் மட்டும் ஒரே ஒரு அகப்பை சோறு. அவர் இலையை வழிக்கும்போதே "போதும்" என்று பானையை மூடிவிடுவாள். கால் புண்ணான பிறகு அந்த ஒரு அகப்பையும் நின்றுபோனது.

நடமாடிய நாளில் தாலுகா ஆபீஸிலிருந்து கோயில் வழியாக வந்தால் வாசலிலேயே கையை நீட்டச் சொல்வாள். விரலில் பொங்கல் நெய் மணந்தால் தொலைந்தார். ஆபீஸே நடுங்குகிற பெரிய கிளார்க், அவள் முன்னால் கையை நீட்டிக்கொண்டு திருதிருவென்று முழிப்பார். அவளுக்கு மட்டும் ஆசையா என்ன? பிள்ளையும் இல்லாத வீட்டில், அவர் இல்லாத நாள் என்று ஒன்று வந்துவிடக் கூடாது. அந்தப் பயம்தான்.

தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்து உட்காரவைத்து, முன்னால் பலகை போட்டு இலையை விரித்தாள். அவர் சோற்றைப் பார்த்தார். பிறகு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்தோசமா இருக்கியாட்டி?"

"இருக்காதா பின்னே? சாப்பிடுங்க."

ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். "இன்னும் ஒரு அகப்பை போடேன்" என்றார்.

பானைக்குள் போன அகப்பை அங்கேயே நின்றது. மூன்று வருஷப் பழக்கம் எங்கே போகும்?

"போதும். ஒரேயடியா ஆவாது. நாளைக்குச் சாப்பிடலாம்."

"சரி, நாளைக்கு" என்றவர், முன்பு வாசலில் நீட்டுவாரே, அதே மாதிரி கையை நீட்டினார். சிரித்துக்கொண்டே செம்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவர் போய்விட்டார்.

மறுநாள் காலை வீடு நிறைய ஆட்கள். "சரியாப் போச்சுன்னுதான டாக்டர் சொன்னாரு?" என்று கொழுந்தனையே கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை கேட்டபோது அவன் குனிந்த தலை நிமிரவில்லை.

"இல்ல மைனி. ஒரு நாள் தாங்காது, ஆசப்பட்டதைக் குடுத்துருங்கன்னாரு. எனக்குச் சொல்ல வாய் வரல."

"அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவகிட்ட சொல்லாதலேன்னுட்டாக."

அவள் அழுகை நின்றுபோனது. நாளைக்கு என்று அவரும்தானே சொன்னார்.

வாய்க்கரிசி போட அவளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள். தாம்பாளத்தில் பச்சரிசி இருந்தது. ஒரு பிடி அள்ளி அவர் வாயில் போட்டாள். இன்னொரு பிடி போட்டாள். கன்னத்தில் சிந்தியதைக் கூட்டியெடுத்து மறுபடி உதட்டில் வைத்தாள்.

"போதும் தாயி" என்றார் சடங்கு செய்ய வந்த மூக்காண்டி.

நெல்லையம்மாள் தாம்பாளத்துக்குள் மறுபடியும் கையை விட்டாள்.